கூரை வரைக்கும் ஒரு தடுப்பு

மார்ச் 3

அக்காவுக்கு,

போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், ஒரு அளவுகூட எழுதி முடிவதில்லை. அதனால் கடிதம். படத்தையும் உள்ளே வைத்திருக்கிறேன். தலைகீழாகப் பிடித்துப் பார்க்காதே. அம்புக்குறி போட்டிருக்கும் பக்கம் வாசல்.

நம் வீட்டில் இடம் இல்லாமல் இல்லை. பதினெட்டு அடிக்குப் பதினோரு அடி கூடம் சின்னது கிடையாது. எல்லாம் எல்லா இடத்திலும் நடக்கிறது, அதுதான் கோளாறு. வாசலைத் திறந்ததும் அப்பாவின் கட்டில். அதை ஒட்டி, கண்ணாடிக் கடைகளுக்கு நீ லென்ஸ் தேய்க்கும் சாணை மெஷின். மெஷின் மேல் சாப்பாட்டுத் தட்டு. தட்டுக்கு ஒரு சாண் தள்ளி அவருடைய மூத்திரக் குடுவை. நான் அலுவலகங்களுக்குத் தடுப்பு வரைந்து கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன். நாற்பது பேர் உட்காரும் தளத்தை மூன்று நாளில் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். என் வீடு சந்தைக்கடை.

தீர்வு எளிது. முன்பக்கம் பதினோரு அடி கூடம். அதில் உன் மெஷின் இருக்கட்டும், அதற்கு முன்னால் இடுப்பு உயரத்துக்கு ஒரு அலமாரி நின்றால் தூசியும் மறையும். பின்பக்கம் ஏழு அடி அப்பாவுக்கு. குளியலறை அங்கேதான் இருக்கிறது, உனக்கும் தூக்கிச் சுமக்கிற தூரம் குறையும். இரண்டுக்கும் நடுவே தரையிலிருந்து கூரை வரை ஒரு தடுப்பு. மரச்சட்டம், இரண்டு பக்கமும் பன்னிரண்டு எம்.எம். பிளைவுட், மேலே வெள்ளை மைக்கா. கதவும் அதே மைக்காதான். கைப்பிடி வேண்டாம், அழுத்தினால் திறக்கிற காந்தப் பூட்டு. மூடியிருந்தால் சுவர் என்றுதான் தோன்றும்.

பழைய தச்சரிடம் சொல்லிவிட்டேன். ஏப்ரல் பத்துக்குள் முடிய வேண்டும்.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

படம் வந்தது. சின்ன வயதில் சோப்பைக்கூட ஸ்கேல் வைத்து வெட்டியவன், கோடு நேராகத்தான் இருக்கும். கட்டில் இருக்கும் இடத்தில் ஒரு நீள்சதுரம் போட்டு உள்ளே 'அ' என்று எழுதியிருக்கிறாய். அது அப்பா என்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

அந்த 'அ'வைப் பற்றி உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. வாதம் வந்து மூன்று வருடம். வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன, இடது கையும் காதும் மிச்சம். அந்தக் கையில் ஒரு ஸ்பூன் இருக்கிறது. அதைக் கட்டில் கம்பியில் தட்டுவார். கண்டக்டராகப் பேருந்தில் முப்பது வருடம் தட்டிய அதே கணக்கு. ஒரு தட்டு என்றால் நிறுத்து. செய்கிற வேலையை விட்டுவிட்டு வா. இரண்டு தட்டு என்றால் ரைட். வேலை முடிந்தது, போகலாம். உடம்பு துடைத்து, சட்டை மாற்றி, தலையணையைச் சரி செய்து நான் நிமிர்ந்தால் டண் டண் என்று இரண்டு. இரண்டு விழாமல் நான் நகர மாட்டேன். வாசலில் பால்காரர் வந்து போனாலும் இரண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அவரை ரைட் தாத்தா என்றுதான் கூப்பிடுகின்றன.

அவருக்கு இருக்கிற ஒரே பொழுதுபோக்கு அந்த வாசல். யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு கிடப்பார். நீ காட்டும் ஏழு அடியில் பார்ப்பதற்குக் குளியலறைக் கதவுதான் இருக்கிறது.

மறைப்பு வேண்டுமென்றால் ஒரு திரைச்சீலை போதும். கம்பி, வளையம், துணி. ஆள் வந்தால் இழுத்துவிடலாம், போனால் தள்ளிவிடலாம். கூரை வரைக்கும் எதற்கு? அவர் ஏறிக் குதித்தா வரப்போகிறார்?

அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ அந்தத் திரைச்சீலையிலேயே தொங்கிக்கொண்டிருப்பாய்.

என்னோடு வேலை செய்யும் பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன். அவளுடைய அப்பா கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஏப்ரல் 18, சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு வருகிறார்கள்.

அப்பா இரண்டு வருடத்துக்கு முன்பே தவறிவிட்டார் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

குதிக்காதே. முழுவதும் படி. அவள் அவர்களுக்கு ஒரே பெண். படுத்த படுக்கையாக ஒருவர் கிடக்கிற வீடு என்று தெரிந்தால், யார் கழுவிவிடப் போவது என்பதைத்தான் முதலில் கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கில் நான் தேற மாட்டேன். அவரைக் கொன்றுவிடவில்லை. வேறு ஊரில், வேறு ஆட்களிடம், ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறேன். அதனால் அவருக்கு ஒரு வேளை மருந்தாவது குறைந்ததா?

திரைச்சீலை சத்தத்தை நிறுத்தாது. காற்றில் ஆடும். யாராவது ஒரு அத்தை 'உள்ளே என்ன' என்று விலக்கிப் பார்ப்பாள். தடுப்பை யாரும் விலக்கிப் பார்ப்பதில்லை.

உனக்குப் பிடிக்கவில்லையென்றால் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். நீ உன் புருஷன் வீட்டைவிட்டு ஒரு பெட்டியோடு வந்து நின்றபோது உள்ளே விட்டது நான். வாடகை ஒப்பந்தம் என் பெயரில்தான் இருக்கிறது. இந்தக் கல்யாணம் நின்றால் அந்த வீட்டை வைத்திருக்க எனக்குக் காரணம் எதுவும் இருக்காது.

தம்பி


மார்ச் 22

தம்பிக்கு,

செத்த தேதியை எழுது. நோயையும் எழுது. நாளைக்கு உன் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டால் நீ ஒன்றும் நான் ஒன்றும் சொல்லக்கூடாதல்லவா? சாகும்போது பக்கத்தில் யார் இருந்தது என்றும் சொல்லிவிடு. நீ இருந்தாயா? அப்படியே சொல்லியிருப்பாய். உன் மடியில்தான் உயிர் போயிருக்கும்.

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை. கல்யாணச் செய்தியை மட்டும் சொன்னேன். "உங்க புள்ள பொண்ணு பாத்துட்டான்பா. அவங்கல்லாம் வீட்டுக்கு வர்றாங்க" என்றேன். அவர் தாடையைத் தடவிக் காட்டினார். சவரம் செய்துவிட வேண்டுமாம்.

தச்சர் செவ்வாய்க்கிழமை வந்தார். எந்த வேலையைக் கேட்டாலும் 'ஒன்றரை நாள்' என்பாரே, அதே ஒன்றரை. இந்த ஒன்றரை நாள் ஆறு நாளாகியிருக்கிறது. கட்டிலைப் பின்பக்கம் நகர்த்தியபோது அப்பா ஒரு தட்டு தட்டினார். நிறுத்தவில்லை. மறுபடி ஒன்று. தச்சர் என் முகத்தைப் பார்த்தார். "தள்ளுங்க" என்றேன்.

என் பெட்டி, உன் ஒப்பந்தம், உன் பெயர். சொல்லிக் காட்டியதற்கு நன்றி. புருஷன் வீட்டில் இதையெல்லாம் வாயால் சொல்வார்கள். நீ படித்தவன், எழுதி அனுப்புகிறாய்.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

போன வருடத்துக்கு முந்தைய வருடம், ஜூன் 9. மாரடைப்பு. தூக்கத்தில். யாரும் பக்கத்தில் இல்லை, ஆகவே விவரம் கேட்க எதுவும் இல்லை. போக்குவரத்துத் துறையில் அதிகாரியாக இருந்தார். இதற்கு மேல் எதையும் சேர்க்காதே. பொய்யில் பாகங்கள் குறைவாக இருந்தால் பழுதும் குறைவு.

அவருடைய புகைப்படம் ஒன்றைப் பெரிதாக்கி அனுப்புகிறேன். தடுப்பின் நடுவில், தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் மாட்டு. கதவு இருக்கும் பலகையில் மாட்டிவிடாதே, திறக்கும்போது ஆடும்.

18ஆம் தேதி காலை ஒன்பதே முக்காலுக்கு ஸ்பூனை வாங்கி வைத்துவிடு.

தம்பி


ஏப்ரல் 21

தம்பிக்கு,

வந்தாய். ஒன்றேகால் மணி நேரம் இருந்தாய். அவர்கள் காரிலேயே வந்து அவர்கள் காரிலேயே போய்விட்டாய். ஊருக்குப் போய் எழுதுவாய் என்று மூன்று நாள் பார்த்தேன். எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

தடுப்பு நன்றாகத்தான் இருந்தது. பெண்ணின் அம்மா "சின்ன வீடுன்னாலும் எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு" என்றாள். சந்தனம் போல இருக்கிறாள் அந்தப் பெண், என் மெஷினைக் கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். அவளுக்கு நல்லது நடக்கட்டும்.

ஸ்பூனை நான் வாங்கவில்லை. கேட்டேன், அவர் விரலை இறுக்கிக்கொண்டார். காதருகில் போய், அவர்கள் போகும் வரைக்கும் தட்ட வேண்டாம்பா என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்க முடியாது. எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுவிட்டிருந்தேன். தன்னைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் இல்லை. அப்புறம்தான் உன் மாமனார் எழுந்து தன் சம்பந்தியின் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வேலை எப்படி என்று பார்ப்பதற்காக விரல் முட்டியால் பலகையில் இரண்டு தட்டு தட்டினார்.

அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தட்டு திரும்பி வந்தது.

உன் முகத்தை நான் பார்த்தேன். "மேல் வீட்டில் வேலை நடக்குது சார்" என்றாய். நல்ல வேளை, குரல் நடுங்கவில்லை. உள்ளே வெறும் காற்றை அடைத்துப் பலகை போட்டிருக்கிறாயே, அது தடுப்பு இல்லையடா, தவில். பொறியாளருக்கு அது தோன்றவில்லையா?

அவர்கள் போன பிறகு உள்ளே போனேன். படுக்கை நனைந்திருந்தது. ஒரு மணி நேரம் அடக்கிப் பார்த்திருக்கிறார். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார், அந்த ஒரு பக்க வாயால். தடுப்பைக் காட்டினார். அப்புறம் கட்டில் தலைமாட்டில் இருக்கும் உன் சின்ன வயதுப் படத்தைக் காட்டினார்.

நீதான் தட்டினாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அக்கா


ஏப்ரல் 26

அக்காவுக்கு,

நினைத்துக்கொள்ளட்டும். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

தவறு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். அலுவலகத் தடுப்புகளில் பஞ்சு வைப்பதை வாடிக்கையாளர் கேட்டால்தான் எழுதுவோம். பழக்க தோஷத்தில் வீட்டுக்கும் எழுதாமல் விட்டுவிட்டேன். திருத்தம் கீழே.

ஒரு பக்கப் பலகையைக் கழற்றி, சட்டங்களுக்கு நடுவே ஐம்பது எம்.எம். ராக்வுல் நிரப்பச் சொல். கல்லை உருக்கி நூற்ற பஞ்சு. கடைகளில் கிடைக்கும், தச்சருக்குத் தெரியும். கையுறை போடச் சொல், அரிக்கும். தரையிலும் கூரையிலும் பக்கச் சுவரிலும் உள்ள இடுக்குகளில் சிலிக்கான் பூச வேண்டும். கதவின் விளிம்பில் ரப்பர் பட்டை. சத்தம் தண்ணீர் மாதிரி, ஒரு ஊசித் துளை போதும்.

கல்யாணம் ஜூன் 12. அதற்குள் பெண்ணின் அத்தைமார் ஒரு முறை வருவார்கள், எப்போது என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். கல்யாணத்துக்குப் பின் அவளும் ஒரு முறை வந்து தங்குவாள். ஆகவே தடுப்பு தற்காலிகம் என்று நினைத்துக்கொண்டு எதையும் அரைகுறையாகச் செய்யாதே.

தம்பி


மே 10

தம்பிக்கு,

பஞ்சு வைத்தாயிற்று. சிலிக்கானை என் கையாலேயே பூசினேன். தச்சர் விட்டுவிட்டுப் போன இரண்டு இடுக்குகளையும் தேடிப் பிடித்துப் பூசினேன். நீ பார்த்தால் மெச்சுவாய்.

ஒன்றை எழுதாமல் இருக்கலாம், ஆனால் எழுதுகிறேன். முதல் வாரம் நான் நிம்மதியாக இருந்தேன். மூன்று வருடத்தில் முதல் முறையாக ஒரு லென்ஸைத் தொடங்கி, யாரும் நிறுத்தாமல், விளிம்பு முழுதும் தேய்த்து முடித்தேன். சூடு ஆறாமல் சாப்பிட்டேன். கதவை மூடினால் வீட்டில் நான் மட்டும்தான் என்று இருந்தது. மூடிக்கொண்டேன். நீ மட்டும்தான் கெட்டவன் என்று நினைத்துக்கொண்டு இத்தனை நாள் கடிதம் எழுதியிருக்கிறேன்.

இப்போது ஒரு மணிக்கு ஒரு முறை கதவைத் திறந்து பார்க்கிறேன். சில சமயம் அதற்குள் அவர் பல முறை தட்டியிருக்கிறார். கம்பியில் தட்டுவதை விட்டுவிட்டார். கட்டில் தடுப்பை ஒட்டி இருப்பதால் பலகையிலேயே தட்டுகிறார். மைக்காவில் ஸ்பூன் முனை பட்டுச் சின்னச் சின்னக் குழிகள். நீ தட்டிய இடத்தில் நீ மறுபடி தட்டுவாய் என்று பார்க்கிறார் போல. தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்கிறார். ஒரு நாள் பொறுக்காமல் நானே இந்தப் பக்கம் வந்து இரண்டு தட்டினேன். அது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

ஒரு விளக்கு போட்டுக் கொடு. கட்டிலில் ஒரு சுவிட்சு, கூடத்தில் ஒரு சின்னச் சிவப்பு பல்பு. அழுத்தினால் எரியட்டும், நான் போய்ப் பார்க்கிறேன். சத்தமே வராது. உனக்கு இது பெரிய வேலையா?

அக்கா


மே 16

அக்காவுக்கு,

ஐந்து நிமிட வேலை. ஒரு சுவிட்சு, இருபது அடி ஒயர். ஆனால் இப்போது வேண்டாம். கூடத்துச் சுவரில் காரணமில்லாமல் ஒரு சிவப்பு பல்பு இருந்தால், அது என்ன என்று முதலில் கேட்கப்போவது அந்த அத்தைமார்தான். ஒயருக்காகத் தடுப்பில் ஓட்டை போட்டால் பஞ்சு வைத்ததற்கும் அர்த்தமில்லை.

கல்யாணம் முடியட்டும். ஜூலையில் நானே வந்து போட்டுக் கொடுக்கிறேன்.

குழி விழுந்த மைக்கா உள்பக்கமா, வெளிப்பக்கமா? உள்பக்கம் என்றால் பரவாயில்லை.

தம்பி


ஜூன் 24

தம்பிக்கு,

அப்பா 21ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை போய்விட்டார். அன்றைக்கே எல்லாம் முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களும் தச்சரும் தூக்கினார்கள்.

உனக்குப் போன் செய்யவில்லை. கல்யாணமாகி ஒன்பது நாள்; எடுப்பது நீயாக இருக்குமா, அவளாக இருக்குமா என்று தெரியவில்லை. அவள் எடுத்தால் என்ன சொல்வது? நீ வந்திருந்தாலும் என்ன காரணம் சொல்லி வந்திருப்பாய்? அலுவலகத்தில் விடுப்புக் கடிதத்தில் என்ன எழுதியிருப்பாய்? இரண்டு வருடத்துக்கு முன் செத்தவர் மறுபடியும் செத்துவிட்டார் என்றா?

அவளுக்கு முன்னால் அழுதுவிடாதே. கேட்பாள்.

பதினொரு மணிக்குத் துடைத்துவிட்டேன். இரண்டு தட்டு தட்டி என்னை அனுப்பினார். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கதவை அழுத்தினேன். முடிந்திருந்தது. தடுப்புப் பக்கமாகத் திரும்பிக் கிடந்தார். வராத பக்கத்தை எப்படித் திருப்பினார் என்று தெரியவில்லை. ஸ்பூன் கையில் இருந்தது.

அவருடைய படம் ஏற்கெனவே மாட்டியிருக்கிறது. அந்த ஒரு வேலையாவது எனக்கு மிச்சமாயிற்று.

அக்கா


ஜூன் 30

அக்காவுக்கு,

கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். மதியம் இரண்டு வரைபடம் முடித்துக் கொடுத்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் நான் விரலால் தட்டிக்கொண்டே இருக்கிறேனாம். அவள் என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐம்பது எம்.எம். பஞ்சு, இரண்டு பக்கமும் பன்னிரண்டு எம்.எம். பலகை. ஏறக்குறைய நாற்பது டெசிபல் குறைக்கும், அதற்கு மேல் கிடையாது. பலகையில் ஸ்பூனால் ஓங்கித் தட்டினால் எழுபது எழும். முப்பது மிச்சம். கிசுகிசுக்கிற அளவு. ஆள் கூடத்தில் இருந்தால் கேட்கும். கேட்டிருக்க வேண்டும்.

அன்றைக்குச் சாணை மெஷின் ஓடிக்கொண்டிருந்ததா? நீ கூடத்தில் எங்கே இருந்தாய்?

பதினொன்றுக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில் அவர் தட்டினாரா? எத்தனை? ஒன்றா, இரண்டா? இதை மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம், திட்ட வேண்டுமென்றால் அப்புறம் திட்டிக்கொள். ஒன்றா, இரண்டா?

தம்பி


ஜூலை 5

தம்பிக்கு,

மெஷின் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை. தடுப்பில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

உன் பஞ்சு நல்ல பஞ்சு. எனக்குக் கேட்கவில்லை.

அக்கா